நீமோவின் அம்மா எங்கே போனாள்?

'ஃபைண்டிங் நீமோ' படத்தில் அம்மா உயிரோடு இருப்பது முதல் சில நிமிடங்கள்தான். அவள் பெயர் கோரல். புது வீடு, நல்ல அக்கம்பக்கம், பொரியக் காத்திருக்கும் நானூற்றுச் சொச்சம் முட்டைகள். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் பேச்சு வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தன் பெயரையே வைக்கலாம் என்பது ஆண் மீன் மார்லினின் ஆசை. எனக்கு நீமோ என்ற பெயர் பிடித்திருக்கிறது என்கிறாள் கோரல். அதற்குள் பாரகுடா வந்துவிடுகிறது. மார்லின் வீட்டுக்குள் போகச் சொல்ல, அவள் முட்டைகளை நோக்கிப் பாய்கிறாள். அவன் மயங்கி விழுந்து, கண்விழித்துப் பார்க்கும்போது அவளும் இல்லை, முட்டைகளும் இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு முட்டையும் அவள் சொன்ன பெயரும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒரு தகப்பன் தன் மகனைத் தேடிக் கடல் கடந்து போகும் கதை.

2003இல் வந்த படம். ஆஸ்கர் வாங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்த படம். கல்லூரியில் பெண்ணியத் திரைவிமர்சனம் படிக்கும் மாணவிகள்கூட இதை 'நல்ல அப்பா' படமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்பாக்கள் பிள்ளை வளர்க்கிறார்கள் என்று காட்டுவது முற்போக்குதானே என்று கேட்கிறார்கள். அம்மாவைக் கொன்றால்தான் அப்பா பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு கதை நம்பினால், அது அப்பாவைப் பற்றிச் சொல்வதைவிட வளர்ப்பைப் பற்றிச் சொல்வதே அதிகம். அம்மா இருக்கும்வரை அந்த வேலை அவளுடையது என்பது அந்தக் கொலைக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு.

வேடிக்கை என்னவென்றால், கதைக்காரர்கள் தேர்ந்தெடுத்த மீனுக்கு இந்தத் தீர்ப்பு தேவையே இல்லை. கோமாளி மீன்களில் முட்டையைக் காப்பது பெரும்பாலும் ஆண் மீன். கடற்சாமந்தியின் அடிவாரத்தில் ஒரு பாறை முகத்தை ஜோடியாக வாயால் துடைத்துச் சுத்தம் செய்யும். பெண் மீன் அதில் வரிசை வரிசையாக ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். சில நூறு முட்டைகள், வயதான மீன் என்றால் ஆயிரம்கூட. அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் ஆண் மீன் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். முட்டைக்குக் காற்று ஏறுவது அந்த விசிறலால்தான். அழுகிய முட்டையை வாயால் எடுத்துத் தின்றுவிடும், இல்லாவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். பெண் மீன் ஜோடியில் பெரியது. அது சுற்றுவட்டத்தில் காவல் நிற்கும், தேவைப்பட்டால் விரட்டும்.

ஆகவே பாரகுடா வந்த அந்த நிமிடத்தில் படம் இரண்டு மீன்களின் வேலையையும் இடம் மாற்றிவிட்டது. முட்டைமேல் விழுந்து கிடக்க வேண்டியவன் மார்லின். எதிரியை எதிர்கொள்ளும் உடல்பலம் கொண்டவள் கோரல். அம்மா என்றால் முட்டை, அப்பா என்றால் வாசல் என்ற மனிதக் குடும்பத்தின் படத்தைக் கடலுக்கு அடியில் ஒட்டிவிட்டார்கள். அது குழந்தைகளுக்கான படம், இவ்வளவு ஆராய வேண்டுமா என்று கேட்கலாம். பவளத்திட்டின் ஒளியும் மீனின் அசைவும் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு மெனக்கெட்ட ஒரு நிறுவனத்துக்கு, விசிறிக்கொண்டு நிற்கும் ஆண் மட்டும் கண்ணில் படவில்லை.

கோமாளி மீனைப் பற்றி இன்னொரு செய்தி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகும் வாய்ப்போடு வளர்கிறது. ஒரு சாமந்தியில் இருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி ஆண், மற்றவை இனப்பெருக்கம் செய்யாதவை. பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறும். முதலில் நடத்தை மாறும், உடல் பிறகு மாறும். அடுத்த பெரிய மீன் ஆணாகும். திரும்பிப் போக வழி கிடையாது. ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒருதுணை மணம், பால்மாற்றம், ஆக்ரோஷமான ஆதிக்கம் ஆகிய மூன்று சொற்களும் அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே உண்டு. பாடப்புத்தகங்கள் சினைமுட்டையைக் காத்திருக்கும் மணப்பெண்ணாகவும் விந்தணுவைப் படையெடுக்கும் வீரனாகவும் எழுதுவதை எமிலி மார்ட்டின் 1991இல் பிரித்துக் காட்டினார். அவரைப் படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு உடனே உறுத்தும். பெரிய ஆண் விலங்கு தன் எல்லையைக் காத்தால் அது 'காவல்'. பெரிய பெண் மீன் அதையே செய்தால் 'ஆக்ரோஷ ஆதிக்கம்'.

இந்த அறிவியலை வைத்து ஒரு நகைச்சுவை வகுப்பறைகளில் சுற்றுகிறது. உண்மைக் கடலாக இருந்திருந்தால் மார்லின் பெண்ணாகி மகனையே கட்டிக்கொண்டிருக்கும் என்று. உயிரியல் ஆசிரியர் சொல்ல, பையன்கள் பின்வரிசையில் சிரிப்பார்கள். எனக்கு இதில் இரண்டு தகராறு. முதலாவது, நகைச்சுவை அறிவியலாகவே தவறு. கோமாளி மீன் குஞ்சு பொரித்த இரவே நீரோட்டத்தில் போய்விடும். பத்துநாள் அளவுக்குத் திறந்த கடலில் மிதந்து, பிறகு ஏதாவது ஒரு சாமந்தியைத் தேடி அடையும். ஒரே சாமந்தியில் வாழும் மீன்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. அப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருப்பது படத்தின் கற்பனை, கடலின் வழக்கமில்லை.

இரண்டாவது தகராறு பெரியது. சிரிப்பு எதற்கு வருகிறது? ஆண் பெண்ணாவது அருவருப்பு என்பதால். கூத்தாண்டவர் கோயில் திருவிழாவைப் படமெடுத்துப் போடும் பத்திரிகைகளின் அதே சிரிப்பு. அதற்குப் பதில் சொல்கிறேன் என்று சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்: பாருங்கள், இயற்கையிலேயே இருக்கிறது, ஆகவே திருநங்கையரும் இயற்கை. ஜோன் ரஃப்கார்டன் 2004இல் எழுதிய நூலில் விலங்குலகின் பால்வகைமைகளை அடுக்கிக் காட்டியது முக்கியமான வேலை. உயிரியல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள அது உதவியது. ஆனால் உரிமைக்கு மீனைச் சாட்சி கூப்பிட்டால், நாளை வேறொருவர் குஞ்சைத் தின்னும் மீனைச் சாட்சி கூப்பிடுவார். தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் வந்ததும், 2014இல் உச்ச நீதிமன்றம் பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கும் உரிமை என்று சொன்னதும் மனிதர்கள் போராடியதால், அரசியல் சாசனம் இருந்ததால். மீனுக்கு அதில் பங்கில்லை.

பெண் மீன்தான் பெரியது என்றதும் 'தாய்வழிச் சமூகம்', 'ராணி' என்று உற்சாகப்படுபவர்களும் நம்மிடையே உண்டு. கொஞ்சம் பொறுக்க வேண்டும். பீட்டர் பஸ்டன் என்பவர் பப்புவா நியூகினியில் கோமாளி மீன் கூட்டங்களை அளந்து 2003இல் எழுதினார். வரிசையில் கீழே இருக்கும் ஒவ்வொரு மீனும் தனக்கு மேலே இருப்பதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே இருக்கும்படித் தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. அளவு நெருங்கினால் சண்டை, சண்டை வந்தால் வெளியேற்றம், சாமந்திக்கு வெளியே சாவு. மேலே ஒன்று செத்தால் மற்றவை ஒரு படி வளரும். இதைப் படித்தபோது எனக்கு ராணி நினைவுக்கு வரவில்லை. கூட்டுக்குடும்பத்தில் சாப்பாட்டு வட்டிலில் தொடங்கிக் குரல்வரை தன்னைக் குறுக்கிக்கொண்டு இடம் காத்துக்கொண்ட பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உச்சியில் இருப்பது பெண் என்பதால் ஏணி இல்லாமல் போய்விடாது.

படத்துக்குத் திரும்புவோம். மார்லின் எதனால் நாயகன் ஆகிறான்? சுறாக்களைக் கடக்கிறான், ஜெல்லி மீன் கூட்டத்தைக் கடக்கிறான், திமிங்கிலத்தின் வாய்க்குள் போய் வருகிறான். அதாவது அவன் பயணம் போகிறான். படத்தின் முதல் பகுதியில் அவன் பிள்ளையை வளர்க்கும் விதம் சிரிப்புக்குரியது. வாசலில் தலையை நீட்டிப் பார்த்து, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டிப் பார்க்கும் பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நடுங்குகிறவன். ஒரே இடத்தில் நின்று கவனித்துக்கொள்வது நோய். கடல் தாண்டுவது அன்பு. நம் ஊர்க் கதைகளுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அப்பாவின் தியாகத்துக்குப் பாட்டு உண்டு. பிள்ளையின் காய்ச்சலை மூன்று மணிக்கு எழுந்து தொட்டுப் பார்த்தவளுக்கு 'அம்மா என்றால் அப்படித்தான்'. உண்மையான கோமாளி மீன் அப்பாவின் வீரம் ஒரு சாண் அகலப் பாறைமேல் நடக்கிறது. அதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் நம் பிரச்சினையும் இருக்கிறது.

டோரியையும் டார்லாவையும் விட்டுவிட்டுப் போக முடியாது. டோரிக்கு நினைவு நிற்காது, ஆகவே சிரிக்கலாம். ஆனால் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் அவள், வழி விசாரிப்பவள் அவள், மனம் ஒடிந்த மார்லினைத் தூக்கி நிறுத்துபவளும் அவள். நன்றியை வாங்கிக்கொள்ளக்கூட நினைவில்லாத துணை. டார்லா பல்லில் கம்பி போட்ட சின்னப் பெண், மீனைக் குலுக்கிக் கொல்பவள். கடலில் இறங்கி நீமோவைப் பிடித்து வந்தவன் அவளுடைய மாமா, பல் மருத்துவர், வளர்ந்த ஆண். அவன் அசட்டு மனிதனாகத் தப்பிவிடுகிறான். திகில் இசை ஒலிப்பது சிறுமி கதவைத் திறக்கும்போது. இந்தத் தர்க்கம் படத்துக்கு வெளியிலும் தொடர்ந்தது. படத்தைப் பார்த்த குழந்தைகள் அடம்பிடித்ததால்தான் கோமாளி மீன் வேட்டை பெருகியது என்று உலகெங்கும் செய்தி வந்தது. பின்னால் அதை ஆராய்ந்தவர்கள் அதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். பிடிக்கிறவர்கள், ஏற்றுமதி செய்கிறவர்கள், விற்கிறவர்கள் என்று பெரியவர்களின் வரிசை ஒன்று இருக்க, பழி முதலில் குழந்தையின் ஆசைமேல் போய் விழுந்தது.

ஹாலிவுட்டை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நேர்மையாகாது. நம் மரபிலும் மீன் என்றால் அம்மாதான். பறவை தொட்டு அடைகாக்கும், மீன் பார்த்து அடைகாக்கும், ஆமை நினைத்து அடைகாக்கும் என்று சைவர்கள் தீட்சைக்கு உவமை சொல்வார்கள். மீனாட்சி என்ற பெயருக்கும் அதையே விளக்கமாகச் சொல்வார்கள்: கண்ணிமைக்காமல் பார்த்தே உயிர்களைக் காப்பவள். அழகான கற்பனை, மறுக்கவில்லை. ஆனால் பார்வைக்குக் கை வலிக்காது, தூக்கம் கெடாது. தாயின் வேலையைப் பார்வையாக்கிவிட்டால் அதற்குக் கூலி கேட்கும் பேச்சே எழாது. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு மீனும் தெரியும். வாய்க்காலில் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள் திரண்டு போகும், அடியில் பெரிய மீன் காவல் போகும். குஞ்சுத் திரளைக் கண்டால் பெரியதைப் பிடிக்கலாம் என்று தூண்டிலோடு ஓடுவார்கள். 'தாய் விரால்' என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது. விராலில் ஆணும் காக்கும், கூட்டைக் காப்பதில் ஆணுக்குப் பெரிய பங்குண்டு. ஜிலேபிக் கெண்டையில் தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் அது தின்பதே இல்லை எனலாம். ஆளுக்கொரு ஏற்பாடு இருக்கிறது. நம் மொழியில் மட்டும் எல்லாம் தாய்.

கோமாளி மீன் அப்பாவின் வேலை குஞ்சு பொரித்த நொடியில் முடிந்துவிடும். படம் அப்பாவின் அன்பு தொடங்குவதாகச் சொல்லும் இடமும் அதுதான். கடலில் அதற்குப் பின் யாரும் பார்த்துக்கொள்வதில்லை, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைத்தால் அதிகம். வீட்டுத் தொட்டியில் அந்தக் காலி இடத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். யார் நிரப்புகிறார்கள் என்பதை நான் வலங்கைமானில் பார்த்தேன்.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் இருக்கும் ஊர். குடமுருட்டிக் கரை, சுற்றிலும் நெல். கடல் வேண்டுமென்றால் நாகப்பட்டினம் போக வேண்டும். அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பி உப்புநீர்த் தொட்டி வைத்தான். சுத்திகரித்த தண்ணீரில் உப்புக் கலவை கரைத்து, அடர்த்தி அளந்து, ஏறத்தாழ 27 டிகிரியில் வைத்திருந்தால் கடல் இல்லாத ஊரிலும் அந்த மீன் வாழும். சாமந்திகூடத் தேவையில்லை, கவிழ்த்து வைத்த மண் சட்டியே போதும். அளவு வித்தியாசமான இரண்டு இளமீன்களைச் சேர்த்து விட்டால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாகும். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை. இதுவரை அது பொழுதுபோக்கு. செலவு அவனுடையது, அறிவும் அவனுடையது, சொந்தமாகப் படித்துக் கற்றுக்கொண்டான்.

பொரிக்கிற நாள் கண்ணால் தெரியும். ஆரஞ்சு நிறம் மங்கி, முட்டைக்குள் கண்கள் வெள்ளிபோல மின்னும். அன்று மாலை சட்டியை எடுத்துத் தனித்தொட்டியில் வைத்து, அடியில் காற்றுக் குழாயை விட வேண்டும். அப்பா மீனின் துடுப்புக்குப் பதில் அது. விளக்கணைத்த ஓரிரு மணி நேரத்தில் பொரியும். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளக் கண்ணாடித் துண்டுகள் போலக் குஞ்சுகள். மறுநாளிலிருந்து அவற்றுக்கு உயிருள்ள இரை வேண்டும், ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத பிராணி. ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் பத்து அளவுக்கு எப்போதும் இருக்க வேண்டும். குறைந்தால் பட்டினி, அதிகமானால் தண்ணீர் கெடும். ரோட்டிஃபருக்குத் தீனி பச்சைப் பாசித் தண்ணீர். அதைத் தனியாக பாட்டில்களில் வெயில்படாமல் வெளிச்சம்பட வளர்க்க வேண்டும். ஒருநாள் அலட்சியமாக இருந்தால் பாசி வெளிறும், பாசி போனால் ரோட்டிஃபர் போகும், ரோட்டிஃபர் போனால் மறுநாள் காலை தொட்டியடியில் குஞ்சுகள் வெள்ளையாகக் கிடக்கும். ஐந்தாறு நாள் கழித்து ஆர்ட்டீமியா பொரிக்க வைத்து, ஓடு நீக்கிக் கொடுக்க வேண்டும். நடுவில் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்ச வேண்டும், குஞ்சு அதில் போய்விடாமல். பத்தாம் நாள் அளவில் உடம்பில் முதல் வெள்ளைப் பட்டை தெரியும்போதுதான் மூச்சு விடலாம்.

தம்பி காலை எட்டரைக்குக் கும்பகோணத்துக்கு வேலைக்குப் போய் இரவு வருவான். இத்தனையையும் செய்தது அம்மா. பாசிப் பாட்டில்கள் மாடிப்படிச் சுவரில், ரோட்டிஃபர் வாளி கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், வடிகட்ட மெல்லிய நைலான் துணி. தோசைமாவு புளித்துவிட்டதா என்று பார்க்கிற அதே கண்ணால் பாசியின் பச்சையைப் பார்த்தாள். காலண்டர் தாளில் நேரம் குறித்து வைத்தாள். மின்சாரம் போன இரவுகளில் காற்றுப் பம்பு நின்றுவிடும். சொம்பால் மொண்டு மெதுவாக விளிம்பில் ஊற்றி ஊற்றித் தண்ணீருக்குக் காற்றேற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பங்குனியில் பாடைக்காவடி பார்க்க வந்த சொந்தங்கள் தொட்டியைச் சுற்றி நின்று, தம்பி வளர்த்த மீனைப் பார்த்து வியந்து போனார்கள். அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை, அவளும் அப்படி நினைக்கவில்லை. 'சும்மா இருக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் அவள் சொன்ன விளக்கம்.

(ரோட்டிஃபரைப் பற்றி ஒரு விஷயம். வளமான தண்ணீரில் அவை அத்தனையும் பெண்கள். ஆண் இல்லாமலே மகள்களைப் பெற்றுக்கொண்டு போகும். சூழல் கெடும்போதுதான் ஆண்கள் தலைகாட்டும், அவற்றுக்கு இரைக்குடல்கூடச் சரியாக இருக்காது, சில நாளில் செத்துவிடும். அம்மாவிடம் சொன்னேன். அதான் வாளி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்றாள்.)

அந்தச் 'சும்மா இருக்கிற நேரம்' வீட்டுச் சொல் மட்டுமல்ல, அரசாங்கச் சொல்லும்கூட. அலங்கார மீன் வளர்ப்பைப் பெண்களுக்குப் பரிந்துரைக்கும் பேச்சில் 'வீட்டிலிருந்தபடியே', 'ஓய்வு நேரத்தில்', 'கூடுதல் வருமானம்' ஆகிய மூன்றும் தவறாமல் வரும். கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் செய்தது உண்மையிலேயே பெரிய வேலை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம், மண்டபம் நிலையங்களிலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் பல வகைகளைப் பொரிக்க வைத்துக் காட்டினார்கள். தொட்டியில் பிறந்த மீன் ஒவ்வொன்றும் பவளத்திட்டில் வலைபடாமல் தப்பிய ஒரு மீன். தேசிய மீன் மரபுவள அமைப்பு லட்சத்தீவின் அகத்தித் தீவில் அலங்கார இறால்களை வளர்க்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் ஐரோலியில் அலையாத்திக் காடுகளுக்கான அமைப்போடு சேர்ந்து கோமாளி மீன் பொரிப்பகம் அமைத்தது.

இந்தத் திட்டங்களின் பொதுவான அமைப்பு இப்படி: தாய்மீன்களும் பொரித்தலும் முதல் சில வாரமும் நிலையத்தில். பிழைத்து நின்ற இளங்குஞ்சுகள் பெண்களின் குழுவுக்கு. விற்கும் அளவுக்கு அவர்கள் வளர்ப்பார்கள், விற்பனைக்கும் உதவி உண்டு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. குஞ்சுப் பருவம்தான் அதிகம் சாகும் பருவம். கையில் காசில்லாத பெண்மேல் அந்த நட்டத்தைச் சுமத்தாமல் இருப்பது கருணைதான். ஆனால் சாவு அதிகமுள்ள இடத்தில்தான் வித்தையும் இருக்கிறது. பாசி வளர்ப்பும் ரோட்டிஃபரும் தெரியாதவள் இளங்குஞ்சுக்காக ஒவ்வொரு முறையும் நிலையத்தின் வாசலில் நிற்க வேண்டும். நெல்லில் இது நமக்குப் பழகிய கதை. விதை வீட்டுக் குதிரில் இருந்தவரை எதை விதைப்பது என்பதில் பெண்ணுக்குச் சொல் இருந்தது. விதை கடைக்குப் போனபின் அவளுக்கு நாற்று நடும் கூலி மிஞ்சியது.

மரியா மீஸ் 1982இல் நர்சாபூரின் பின்னல் வேலைப் பெண்களைப் பற்றி எழுதினார். அதுவும் டெல்டா, கோதாவரியின் டெல்டா. உலகச் சந்தைக்கு லேஸ் பின்னிய ஆயிரக்கணக்கான பெண்களை ஊரும் வியாபாரிகளும் அரசும் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. 'வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்குகிறார்கள்' என்ற எண்ணமே நிலவியது. அவர்களோ வீட்டு வேலைக்கு மேல் நாளெல்லாம் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதி செய்த ஆண்கள் அந்த எண்ணத்தின்மேல்தான் பணக்காரர் ஆனார்கள். தொழிலாளி என்று பெயர் இருந்தால் கூலி, நேரம், சங்கம் எல்லாம் பேச வேண்டியிருக்கும். இல்லத்தரசி என்றால் ஒன்றும் வேண்டாம்.

மீன் வளர்ப்பில் இந்தப் பெயர்ப் பிரச்சினை இன்னும் கூர்மையாகும், ஏனென்றால் வேலையே குழந்தை வளர்ப்பு மாதிரி இருக்கிறது. குஞ்சுக்கு இரை கொடுப்பது, கழிவெடுப்பது, இரவில் எழுந்து பார்ப்பது. 'பெண்களுக்கு இயல்பாகவே பொறுமை உண்டு' என்று மேடையில் யாராவது சொல்லிவிட்டால் போதும், திறமை குணமாகிவிடும். குணத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இங்கேதான் அந்த ஆண் மீன் நமக்கு உதவலாம். உரிமைக்குச் சாட்சியாக அல்ல, அதை ஏற்கெனவே மறுத்துவிட்டேன். பொறுமை சினைப்பையிலிருந்து வருவதில்லை என்பதற்கு மட்டும்.

நான் பார்த்த திட்டக் கணக்குத் தாள்களில் தொட்டி, உப்பு, தீனி, மின்கட்டணம் எல்லாம் வரிவரியாக இருந்தன. ஆள்கூலி என்ற கட்டத்தில் 'சொந்த உழைப்பு' என்று எழுதி, எதிரே ஒரு சிறு கோடு. ஒரு ஈடு குஞ்சுக்குப் பன்னிரண்டு நாள், காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், இரவில் ஒருமுறை எழுவது என்று வைத்துக்கொண்டால்கூட ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. மாதத்துக்கு இரண்டு ஈடு. அந்தக் கோடு இருக்கும் இடத்தில் நூறு மணி நேரம் என்று எழுதி, நூறு நாள் வேலைக் கூலிக் கணக்கில் பெருக்கிப் பார்க்கலாம். அப்படிப் பெருக்கினபின் லாபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே கேட்கலாம். பாசி எப்படி வளர்ப்பது என்பதை இரண்டாம் நாள் கேட்கலாம்.